மீட்டரில் 12 காட்டினால் ரெகுலேட்டர் நல்லதாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு ஆம்ப்ளிஃபயரை நாமே பழுது பார்ப்பது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பைப் படித்தோம். இந்த மாதிரி விஷயம் தமிழில் வருவதே அபூர்வம், வரவேற்கிறோம். ஆனால் ஏறி இறங்கும் வோல்ட்டை ஒரே அளவில் நிறுத்தித் தரும் ரெகுலேட்டர் ஐசியைப் பற்றி அதில் இருந்த நாலு வரியில் இரண்டு தவறு. 'மூன்றாவது காலில் மீட்டரை வையுங்கள். 12 வோல்ட் வந்தால் ஐசி நல்லது, வராவிட்டால் மாற்றுங்கள்' என்கிறது குறிப்பு. 12 வந்தும் ஐசி கெட்டிருக்கலாம். 12 வராமல் போனதற்கு ஐசி காரணமே இல்லாமலும் இருக்கலாம். இரண்டாவது வகைதான் பழுதுக்கு வரும் செட்டுகளில் அதிகம். புது ஐசி போட்டும் அதே கோளாறு இருக்கும். கடைக்காரர் டூப்ளிகேட் கொடுத்துவிட்டார் என்று அவர் மேல் பழி விழும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து வீடுகளில் ஆர்டர் கொடுத்துக் கட்டிய செட்டுகள் நிறைய. 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், டையோடு பிரிட்ஜ், இரண்டு பெரிய கண்டன்சர், 4558 ஐசி வைத்த பாஸ்-ட்ரெபிள் போர்டு, முகப்பில் ஒரு ப்ளூடூத் பேனல். இந்த அமைப்பில் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஐசிக்குச் சப்ளை பெரிய கண்டன்சரிலிருந்து நேராகப் போய்விடும். ரெகுலேட்டர் காப்பது சின்ன போர்டுகளைத்தான்: பிளஸ் 12 வோல்ட் தரும் 7812-ம் மைனஸ் 12 தரும் 7912-ம் பாஸ்-ட்ரெபிள் போர்டுக்கு, 5 வோல்ட் தரும் 7805 ப்ளூடூத்துக்கு. ஆகவே ஸ்பீக்கரில் உறுமல் வந்தால் ஐசியைத் தொடுவதற்கு முன் வால்யூமை முழுக்கக் குறைத்துப் பார்க்க வேண்டும். உறுமல் அப்படியே நின்றால் அது வால்யூமுக்குப் பின்னால் வருவது. பவர் ஐசியின் சப்ளையையோ கிரவுண்டு ஒயர்களையோ பார்க்கவேண்டும். வால்யூமோடு சேர்ந்து குறைந்தால் வால்யூமுக்கு முன்னால் உள்ள போர்டில் கோளாறு. அப்போதுதான் ரெகுலேட்டர் பக்கம் வர வேண்டும்.

குறிப்பில் இருந்த இரண்டாவது தவறு கால் வரிசை; 'மூன்றாவது கால்' எல்லா ஐசிக்கும் அவுட்புட் அல்ல. எழுத்து அச்சான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், 78 வரிசைக்கு இடமிருந்து இன்புட், கிரவுண்டு, அவுட்புட். 79 வரிசைக்கு கிரவுண்டு, இன்புட், அவுட்புட். வேண்டிய வோல்ட்டுக்கு நாமே அமைத்துக்கொள்ளும் எல்எம்317-க்கு அட்ஜஸ்ட், அவுட்புட், இன்புட். முதுகில் உள்ள உலோகத் தகடு எப்போதும் நடுக்காலோடு சேர்ந்தது. அப்படியானால் 7812-ன் தகடு கிரவுண்டு, 7912-ன் தகடு மைனஸ் இன்புட், 317-ன் தகடு அவுட்புட். எல்லா ஐசிக்கும் தகடு கிரவுண்டுதான் என்று எண்ணி 7912-ன் தகட்டில் கருப்பு ஒயரைக் கவ்வ வைத்தால் அதன்பின் எடுக்கும் அளவு ஒன்றும் சரியாக வராது. சின்ன டிரான்சிஸ்டர் வடிவில் வரும் 78எல்05 இன்னொரு குழப்பம். அதன் தட்டை முகம் நம்மைப் பார்த்தால் இடமிருந்து அவுட்புட், கிரவுண்டு, இன்புட். பெரிய 7805-க்கு நேர் தலைகீழ்.

இனி அளவெடுப்பது. செட்டைத் திறந்ததும் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பெரிய கண்டன்சரின் இரு முனைக்கும் 220 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை ஐந்தாறு விநாடி பிடித்தால் அதிலுள்ள மின்சாரம் இறங்கிவிடும். ஸ்க்ரூ டிரைவரால் பொறி பறக்க ஷார்ட் செய்வது பார்க்க வீரமாக இருக்கும். கண்டன்சரின் உள் இணைப்புக்கும் போர்டின் செம்புத் தடத்துக்கும் அதுவே எமன். பிறகு டிரான்ஸ்ஃபார்மரின் சென்டர் டேப் (நடு ஒயர்) வந்து சேரும் கிரவுண்டு புள்ளியில் மீட்டரின் கருப்பு ஒயரை முதலைக் கிளிப்பால் கவ்வ வைத்துவிடுங்கள். ஒரு கையில் சிவப்பு முனை மட்டும் இருக்கட்டும். ஐசியின் கால்களுக்கு நடுவே இரண்டரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. முனை வழுக்கி இன்புட்டையும் அவுட்புட்டையும் ஒரு கணம் சேர்த்தாலும் 16 வோல்ட் நேராக அடுத்த போர்டுக்குப் போகும். ஐசி பிழைத்துக்கொள்ளும், ப்ளூடூத் பேனல் பிழைக்காது. சிவப்பு முனையில் ஊசி நுனி மட்டும் தெரியும்படி ஒயர் ஸ்லீவ் ஒன்றைச் செருகிவிட்டால் இந்த வம்பு இல்லை.

அவுட்புட்டை அளப்பதற்கு முன் இன்புட்டை அளக்க வேண்டும். 78 வரிசை ஐசிக்கு இன்புட், அவுட்புட்டைவிட ஏறக்குறைய 2 வோல்ட் கூட இருந்தே ஆக வேண்டும். 7812 என்றால் 14-க்குக் குறையக் கூடாது. இங்கே சராசரி அளவு போதாது, மின்னழுத்தம் இறங்கும் பள்ளம் எவ்வளவு என்பதே கணக்கு. வீட்டு மின்சாரம் 230 வோல்ட் இருக்கும்போது 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் கண்டன்சரில் தரும் உச்சம் சுமார் 16.3 வோல்ட். போர்டுகள் 200 மில்லி ஆம்பியர் எடுக்கின்றன, கண்டன்சர் 2200 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 100 முறை கண்டன்சர் நிறைந்து இறங்குகிறது. ஒவ்வொரு இறக்கமும் 0.9 வோல்ட் அளவு. பள்ளம் 15.4, பிரச்சினை இல்லை. அதே கண்டன்சர் பத்து வருஷத்தில் காய்ந்து 500-க்கு வந்துவிட்டால் இறக்கம் 4 வோல்ட் ஆகும், பள்ளம் 12.3-க்குப் போய்விடும். ஒவ்வொரு பள்ளத்திலும் ஐசியால் 12-ஐப் பிடித்து நிறுத்த முடியாது, 100 ஹெர்ட்ஸ் உறுமல் பாட்டோடு கலந்து வரும். மீட்டரோ சராசரியைத்தான் காட்டும்: இன்புட்டில் 14-க்கு மேல், அவுட்புட்டில் 11.7 என்பதுபோல். 'கொஞ்சம் கம்மி, ஐசி வீக்' என்று முடிவு கட்டி 7812-ஐ மாற்றுவார்கள். மாற்ற வேண்டியது கண்டன்சரை.

இந்தப் பள்ளத்தைச் சாதாரண மீட்டரிலேயே கண்டுபிடிக்கலாம். ஏசி ரேஞ்சில் வைத்து, சிவப்பு முனைக்குத் தொடரில் ஒரு 1 மைக்ரோஃபாரட் பாலியஸ்டர் கண்டன்சரைச் சேர்த்து இன்புட் காலில் தொட்டால், அரை வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. ஒன்றைத் தாண்டினால் பெரிய கண்டன்சரைச் சந்தேகிக்கலாம். அந்தத் தொடர் கண்டன்சர் இல்லாமல் தொடக் கூடாது. விலை குறைந்த மஞ்சள் மீட்டர்கள் ஏசி ரேஞ்சில் டிசியையும் சேர்த்து விழுங்கி 30, 35 என்று காட்டிப் பயமுறுத்தும். மீட்டர் மேல் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. அதே அளவு வோல்ட் தாங்கும் நல்ல கண்டன்சர் ஒன்றை, செட் அணைந்திருக்கும்போது, பிளஸ் மைனஸ் பார்த்துப் பழையதற்கு இணையாக வைத்துப் பற்றவைத்துப் பாருங்கள். உறுமல் போனால் விடை கிடைத்துவிட்டது.

இதே உறுமலுக்கு எங்கள் மாவட்டங்களில் இன்னொரு காரணமும் உண்டு. தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில், லைன் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு மின்சாரம் 190 வோல்ட்டுக்கு இறங்கினால், மேலே சொன்ன 16.3 என்பது 13.3 ஆகிவிடும். புத்தம் புதுக் கண்டன்சர் இருந்தாலும் 7812-க்கு அது போதாது. கடை டவுனில் இருப்பதால் அங்கே போட்டுப் பார்த்தால் செட் அருமையாகப் பாடும். வீட்டுக்குக் கொண்டுபோனால் சாயங்காலம் உறுமும். அந்த வீட்டில், உறுமும் அந்த நேரத்தில், சுவர் ப்ளக்கில் எத்தனை வோல்ட் என்று அளக்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஸ்டெபிலைசர் ஒரு தீர்வு. 15-0-15 டிரான்ஸ்ஃபார்மர் இன்னொன்று: 190-லும் 16.8 கிடைக்கும். ஆனால் இரவில் 250-க்கு ஏறினால் அதுவே 22 வோல்ட்டைத் தாண்டும். பவர் ஐசி அதைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும், டிடிஏ2030 தாங்காது. ரெகுலேட்டரும் 10 வோல்ட்டைத் தன் உடம்பில் சூடாக்கித் தள்ள வேண்டியிருக்கும்.

இன்புட் ஒழுங்காக இருந்து அவுட்புட் மட்டும் குறைந்தால்? அப்போதும் ஐசியைக் கழற்ற அவசரப்பட வேண்டாம், முதலில் தொட்டுப் பாருங்கள். அவுட்புட் 1 அல்லது 2 வோல்ட், ஐசி விரல் வைக்க முடியாத சூடு என்றால், பின்னால் ஏதோ ஒன்று ஷார்ட் ஆகி ஐசி தன்னைக் காத்துக்கொள்ள மின்னோட்டத்தைக் கட்டிவைத்திருக்கிறது. 4558, அவுட்புட் பக்கத்துச் சின்ன கண்டன்சர், ப்ளூடூத் பேனல், இந்த மூன்றில் ஒன்று. அவுட்புட் பூஜ்யம், ஐசி ஜில்லென்று இருக்கிறது என்றால்தான் ஐசி உள்ளே அறுந்திருக்க வாய்ப்பு. அப்போதும் காலின் பற்றவைப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிடுவது நல்லது.

சந்தேகம் தீர ஒரே வழி, லோடை, அதாவது ஐசியிலிருந்து மின்சாரம் எடுக்கும் போர்டுகளை, பிரிப்பது. அவுட்புட் காலை மட்டும் ஈயம் உறிஞ்சியால் விடுவித்து மேலே தூக்குங்கள். அந்தக் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கண்டன்சரும், 12 வோல்ட் என்றால் 47 ஓம் 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டரும் போடுங்கள். சுமார் 255 மில்லி ஆம்பியர் ஓடும். 5 வோல்ட்டுக்கு 22 ஓம் 5 வாட் போதும். லோடு இல்லாதபோது எவ்வளவு, லோடு போட்டதும் எவ்வளவு, பத்து நிமிஷம் கழித்து எவ்வளவு என்று மூன்று அளவு எடுக்க வேண்டும். நல்ல 7812 என்றால் 11.5-க்கும் 12.5-க்கும் நடுவே ஏதோ ஓர் இடத்தில் நிற்கும். 11.8 என்று நின்றாலும் அது நல்ல ஐசிதான், 12.0 வரவில்லை என்று யாரும் வருந்த வேண்டாம். 7805-க்கு 4.8 முதல் 5.2 வரை. லோடு போட்டதும் பத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் இறங்கக் கூடாது. 12-ல் நின்றது லோடு போட்டதும் 9-க்கு விழுந்து, இன்புட் மட்டும் அசையாமல் இருந்தால் ஐசி கெட்டது, சந்தேகமே இல்லை. குறிப்பில் சொன்னபடி சும்மா அளந்திருந்தால் இந்த ஐசி பாஸ் ஆகியிருக்கும்.

சிலர் ரெசிஸ்டருக்குப் பதில் வண்டி பல்பை லோடாகப் போடுவார்கள். குளிர்ந்த பல்பின் இழை கிட்டத்தட்ட ஷார்ட்டுக்குச் சமம். நல்ல ஐசிகூடச் சில நேரம் அதைக் கிளப்ப முடியாமல் படுத்துவிடும். சிமெண்ட் ரெசிஸ்டர் பல்பைவிட விலை குறைவு.

பத்து நிமிஷம் என்று சொன்னதற்குக் காரணம் சூடு. இந்த வகை ஐசி மிச்ச வோல்ட்டை எல்லாம் வெப்பமாக மாற்றித்தான் வேலை செய்கிறது. இன்புட்டில் அவுட்புட்டைக் கழித்து மின்னோட்டத்தால் பெருக்கினால் எத்தனை வாட் என்று தெரியும். ஹீட் சிங்க் (சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகத் துண்டு) இல்லாத ஐசி வாட் ஒன்றுக்குச் சுமார் 60 டிகிரி ஏறும். சித்திரை மாதத்தில் மூடிய பெட்டிக்குள் 45 டிகிரி என்று வைத்தால், 125 டிகிரி எல்லைக்குள் அது தாங்குவது 1.3 வாட் மட்டுமே. ப்ளூடூத் பேனலுக்கு 7805-ஐ 24 வோல்ட் சப்ளையிலிருந்து நேராக எடுத்துக் கட்டியிருப்பதைப் பல செட்டுகளில் பார்க்கலாம். பேனல் 150 மில்லி ஆம்பியர் எடுத்தாலே 2.85 வாட். சூடு எல்லை மீறியதும் ஐசி தானே அணையும், ஆறியதும் தானே எழும். பாட்டு நடுவில் நின்று, பேனல் 'ப்ளூடூத் மோட்' என்று திரும்பத் திரும்பக் கூவினால், பேனலைக் குற்றம் சொல்வதற்கு முன் 7805-ஐத் தொட்டுப் பாருங்கள். காலையில் நன்றாக ஓடி மதியம் மட்டும் மக்கர் பண்ணுகிற செட்டும் இதே ஜாதி.

இதற்கு ஹீட் சிங்க் போடலாம். அல்லது 7805-க்கு முன்னால் 68 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் சேர்த்து, ரெசிஸ்டருக்கும் ஐசிக்கும் நடுவே கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட் 35 வோல்ட் கண்டன்சர் வைக்கலாம். 150 மில்லி ஆம்பியரில் ரெசிஸ்டர் 10 வோல்ட்டைத் தன் தலையில் வாங்கிக்கொள்ளும், ஐசியின் பங்கு 1.3 வாட்டாகக் குறையும். பேனல் 250 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் ஐசிக்கு 7 வோல்ட் மிஞ்சும், அதற்கு மேல் இழுத்தால் போதாது. பென் டிரைவ் செருகும் இடத்தில் போனை சார்ஜ் போடுகிறவர்கள் வீட்டில் இந்த ஏற்பாடு செல்லாது, ஹீட் சிங்க்தான்.

அவுட்புட் கூடிப்போவதும் உண்டு, குறிப்பில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. 7812-ல் 14, 15 வோல்ட் வந்தால் எல்லாரும் சொல்வது ஐசி ஷார்ட் என்று. இன்புட்டும் அவுட்புட்டும் ஒரே அளவு காட்டினால் அது ஷார்ட்தான். செட்டை அணைத்து ஐசியைக் கழற்றி, மீட்டரின் பீப் ரேஞ்சில் இரு கால்களையும் தொட்டால் சத்தம் வரும். ஆனால் அவுட்புட் இன்புட்டைவிட ஒன்றரை, இரண்டு வோல்ட் மட்டும் குறைந்து நின்றால் கிரவுண்டு கால் விட்டிருக்கிறது என்று பொருள். எதை வைத்து 12 என்று அளப்பது என ஐசிக்குத் தெரியாமல் போய்விடும், முடிந்த அளவு மேலே தள்ளும். ஹீட் சிங்கோடு ஆடிக்கொண்டிருக்கும் ஐசியில் நடுக்காலின் பற்றவைப்பு வெடிப்பது வழக்கம். ஒரு சொட்டு ஈயத்தில் முடிகிற வேலை. கவனிக்காமல் விட்டால் 7805-க்குப் பின்னால் உள்ள பேனலுக்கு உயிர் போகும். எனவே எந்தக் காரணத்துக்காக ரெகுலேட்டரைத் தொட்டிருந்தாலும், பேனலின் ஒயரைக் கழற்றி வைத்து 5 வோல்ட்டை உறுதி செய்த பிறகே மறுபடி மாட்ட வேண்டும்.

7912-க்கு என்றே ஒரு தனிக் கோளாறு சொல்ல வேண்டும். செட்டைப் போட்டால் சில நேரம் மைனஸ் 12 வராது. அணைத்துப் போட்டால் வந்துவிடும். பிளஸ் பக்கம் முந்திக்கொண்டு எழுந்து, போர்டு வழியாக 7912-ன் அவுட்புட்டைக் கிரவுண்டுக்கு மேலே தூக்கிவிட்டால், அது எழ முடியாமல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். எத்தனை 7912 மாற்றினாலும் தீராது. இரண்டு 1என்4007 டையோடு போதும். 7812-ன் அவுட்புட்டில் கோடு போட்ட முனை, மறுமுனை கிரவுண்டில். 7912-க்குக் கோடு போட்ட முனை கிரவுண்டில், மறுமுனை அவுட்புட்டில். தலைகீழாகப் போட்டால் சப்ளை ஷார்ட் ஆகும், சரிபார்த்துப் பற்றவையுங்கள்.

79 வரிசை கண்டன்சர் விஷயத்திலும் கொஞ்சம் பிடிவாதக்காரன். 7812-க்கு இன்புட்டில் 0.33, அவுட்புட்டில் 0.1 மைக்ரோஃபாரட் காலுக்கு ஒட்டி இருந்தால் போதும். 7912-க்கு எலெக்ட்ரோலைட்டிக் என்றால் இரண்டு பக்கமும் 25 மைக்ரோஃபாரட்டுக்குக் குறையாமல் வேண்டும், பிளஸ் முனை கிரவுண்டில். அது காய்ந்துவிட்டால் ஐசி தானே அலையத் தொடங்கும். அளவு நிலையில்லாமல் ஆடும், லோடு இல்லாமலே ஐசி வெதுவெதுப்பாக இருக்கும், ஸ்பீக்கரில் உஸ் என்று இரையும். 317-க்கு வேறு குணம். 10 மில்லி ஆம்பியர் லோடாவது இல்லையென்றால் அளவு மேலே மிதக்கும். லோடோடு அளந்து, அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்டுக்கும் நடுவே 1.25 வோல்ட் அளவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்து அவுட்புட் மட்டும் தவறினால் ஐசி நல்லது, பக்கத்தில் உள்ள ரெசிஸ்டர்களில் ஒன்று மாறியிருக்கிறது.

கடையில் வாங்கிய ஐசியைப் போடும் முன்பே சோதிக்கலாம். பழைய லேப்டாப் அடாப்டரின் 19 வோல்ட் 7812-க்குப் போதுமானது. மேலே சொன்ன கண்டன்சர்கள், 47 ஓம் ரெசிஸ்டர், தகட்டில் ஒரு அலுமினியத் துண்டு, பத்து நிமிஷம். எழுத்தைத் தின்னரால் துடைத்தால் கரைந்து போவதும் தகடு வழக்கத்தைவிட மெல்லியதாக இருப்பதும் சந்தேகத்துக்கு இடம் தரும். ஆனால் லோடு சோதனையில் தேறிய ஐசியை முகத்தைப் பார்த்து ஒதுக்க வேண்டியதில்லை.

மாட்டும்போது 7912-ன் தகட்டுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே மைக்காவும், ஸ்க்ரூவுக்குப் பிளாஸ்டிக் புஷ்ஷும் கட்டாயம். 7812-க்கும் போட்டுவிடுவதே எங்கள் பழக்கம்; தகடு கிரவுண்டுதானே என்று விட்டால் கிரவுண்டு இரண்டு வழியாகச் சுற்றி வேறொரு உறுமலைக் கொண்டுவரும். ஸ்க்ரூ முடுக்கிய பிறகு தகட்டுக்கும் ஹீட் சிங்குக்கும் பீப் வரக் கூடாது.

அடுத்த ஞாயிறு இணைப்பில் 78, 79, 317 மூன்றின் கால் வரிசையையும் படமாக, தகடு எந்தக் காலோடு சேர்ந்தது என்ற விவரத்துடன் திருத்தமாக வெளியிட்டால் உதவியாக இருக்கும். இடம் குறைவு என்றால் 79-ன் படத்தை மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்போர் சிலர்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.